தாங்கும் கை: பூல் ஆட்டத்தில் பிரிட்ஜ் அமைப்பது பற்றி

மேசையின்மேல் பந்துகளைக் கோலால் அடித்துப் பாக்கெட் என்னும் ஓரக் குழிகளில் போடும் ஆட்டம் பூல். அதை ஆடுபவர்களின் பேச்சில், கியூ எனப்படும் அந்தக் கோலைப் பின்னால் பிடிக்கும் கைக்குக் கிடைக்கும் மரியாதை, மேசையின்மேல் ஊன்றி அதைத் தாங்கும் கைக்குக் கிடைப்பதில்லை. மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும், முழங்கை விழக் கூடாது, வீச்சு நேராகப் போக வேண்டும் என்று பின்கையைப் பற்றிய அறிவுரைகளுக்குக் குறைவே இல்லை. தாங்கும் கை என்று வந்தால், விரலை இப்படி வைத்துக்கொள் என்று ஒருமுறை காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. பின்கை செய்யும் பிழையைக் கியூ சுருக்கி முனைக்கு அனுப்புகிறது. தாங்கும் கை செய்யும் பிழையைப் பெருக்கி அனுப்புகிறது.

கணக்கு எளிதுதான். வழக்கமான பூல் கியூ ஏறத்தாழ 147 செ.மீ. நீளம் இருக்கும். முனையிலிருந்து 25 செ.மீ. தள்ளித் தாங்கும் கையும், 117 செ.மீ. தள்ளிப் பிடிக்கும் கையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 92 செ.மீ. தாங்கும் கை அசையாதிருக்க, பின்கை பக்கவாட்டில் 3 மி.மீ. விலகினால் முனை எதிர்ப்பக்கமாக 1 மி.மீ.க்கும் குறைவாகவே விலகும். பின்கை நிலைத்திருக்க, தாங்கும் கை அதே 3 மி.மீ. நழுவினால் முனை ஏறத்தாழ 4 மி.மீ. நகர்ந்துவிடும். கியூ திரும்பும் கோணம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பந்தின் எந்த இடத்தில் முனை படுகிறது என்பதில் நான்கரை மடங்குக்கும் மேலான வேறுபாடு வந்துவிடுகிறது. கியூவால் நேரடியாக அடிக்கும் வெள்ளைப் பந்தின் விட்டம் 57 மி.மீ. நடுவிலிருந்து ஆரத்தின் பாதி தூரத்தை, அதாவது சுமார் 14 மி.மீ.யைத் தாண்டி அடித்தால் முனை வழுக்கி மிஸ்கியூ ஆகிவிடும். பயன்படுத்தக் கிடைப்பதே அந்த 14 மி.மீ. என்னும்போது, கேட்காமலே 4 மி.மீ.யைத் தாங்கும் கை எடுத்துக்கொள்வது சிறிய செய்தி அல்ல.

இந்தக் கைக்கு வேலை வந்ததே ஆட்டத்தின் வரலாற்றில் சற்றுப் பிந்தித்தான். பழைய பில்லியர்ட்ஸில் தலை அகன்ற ஒரு கோலால் பந்தைத் தள்ளினார்கள். மேசையோரத் தடுப்பான குஷனை ஒட்டி நிற்கும் பந்துக்கு அந்த அகன்ற தலை எட்டாது என்பதால் கோலைத் திருப்பிப் பிடித்து மெல்லிய வால் பகுதியால் அடிக்கத் தொடங்கினார்கள். மெல்லிய முனை வந்ததும் அதைத் தாங்க இன்னொரு கை தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா மிங்கோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தோல் முனை வந்த பிறகு, பந்தின் நடுவை விட்டு விலகி அடித்துச் சுழற்சி கொடுக்க முடிந்தது. எங்கே அடிக்கிறோம் என்பது மில்லிமீட்டர் அளவில் முக்கியமாகிவிட்டது. தாங்கும் கை வெறும் முட்டுக்கட்டையாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது.

கியூ ஓடுவதற்குத் தாங்கும் கை அமைத்துத் தரும் வடிவம்தான் பிரிட்ஜ். முதலில் திறந்த பிரிட்ஜ். உள்ளங்கையை மேசைத் துணியின்மேல் விரித்து வைத்து, விரல்களை அகலப் பரப்பி, விரல் மூட்டுகளைச் சற்று மேலே உயர்த்தி, பெருவிரலை ஆள்காட்டி விரலின் அடிக்கணுவோடு ஒட்டி மேல்நோக்கி நிமிர்த்தினால், இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டாகும். கியூ அதில் ஓடும். எல்லோரும் செய்வது இதைத்தான். எல்லோருக்கும் சரியாக வருவதில்லை என்பதற்குப் பெரும்பாலும் பெருவிரலே காரணம். அது ஆள்காட்டி விரலின் பக்கத்தில் அழுந்தி நிற்காமல் சும்மா சாய்ந்து கிடந்தால், பள்ளத்தின் ஒரு சுவர் மென்மையாகிவிடுகிறது. கியூ முன்னே போகும்போது அந்தச் சுவர் கொஞ்சம் கொடுத்து விலகுகிறது, வீச்சு வேகமாக இருந்தால் கூடுதலாக விலகுகிறது. மெதுவான ஷாட்டெல்லாம் விழுகிறது, வேகமாக அடித்தால் மட்டும் தவறுகிறது என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள், பின்கையைச் சோதிப்பதற்கு முன் பெருவிரலை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கியூவைப் பள்ளத்தில் வைத்துவிட்டு, அடிப்பகுதியை ஒரு நண்பரிடம் கொடுத்து இடமும் வலமும் மெல்ல ஆட்டச் சொன்னால் போதும். பள்ளம் உறுதியாக இருந்தால் கியூ அந்த ஒரு புள்ளியில் சுழலும், இல்லையென்றால் பெருவிரலின்மேல் ஏறப் பார்க்கும்.

இரண்டாவது, உள்ளங்கையின் அடிப்பகுதி. மணிக்கட்டை ஒட்டியிருக்கும் அந்த மேடும் சுண்டு விரலின் பக்கமும்தான் பிரிட்ஜின் அத்திவாரம். விரல்களின் நுனியை மட்டும் ஊன்றி, அடிப்பகுதியைத் துணியிலிருந்து எழுப்பிவிட்டால் கை பார்க்க அழகாக இருக்கும், தாங்காது. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நல்ல துணி போட்ட மேசையில் செய்தால் உரிமையாளர் கோபிப்பார் என்பதால், கழிந்துபோன பழைய மேசையில் மட்டும் செய்ய வேண்டும். உள்ளங்கையில் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தேய்த்துக்கொண்டு, பிரிட்ஜ் வைத்து, வழக்கமான வேகத்தில் ஒரு ஷாட் அடித்து, கையை இழுக்காமல் நேராக மேலே எடுத்துவிட்டுக் குனிந்து பார்க்கலாம். நிலையான கை துணியில் நான்கு விரல் நுனிகளையும் அடிமேட்டையும் தனித்தனியாக, ஓரம் தெளிவாக விட்டுச் செல்லும். அசைந்த கையின் தடத்தில் ஆள்காட்டி விரலின் புள்ளி ஒரு சிறு கோடாக நீண்டிருக்கும், அடிமேட்டின் தடம் ஒருபக்கமாக மங்கித் தேய்ந்திருக்கும். தேய்ந்த பக்கம் எப்போதும் ஒன்றாகவே இருந்தால், ஷாட் அடிக்கும் கணத்தில் தோள் அந்தப் பக்கம் திரும்புகிறது என்று பொருள். கை நிலையாக இருக்க வேண்டும் என்றதும் சிலர் மேசையை நசுக்கும் அளவுக்கு அழுத்துகிறார்கள். நகங்கள் வெளுத்துப்போனால் அழுத்தம் மிகுதி என்று கொள்ளலாம். இறுகிய கை நடுங்கும். உடம்பின் எடையில் ஒரு சிறு பங்கு கையின்மேல் இயல்பாக இறங்கினால் போதும்.

இனி உயரம். என் பார்வையில் பிரிட்ஜ் என்ற விஷயத்தின் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது. வெள்ளைப் பந்தின் நடுப்புள்ளி துணியிலிருந்து ஏறத்தாழ 28 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. பந்தைப் பின்னோக்கி வரவழைக்கும் டிரா ஷாட்டுக்கு முனை அதற்குக் கீழே 10, 12 மி.மீ. இறங்க வேண்டும், முன்னோக்கி உருள வைக்கும் ஃபாலோ ஷாட்டுக்கு அதே அளவு மேலே ஏற வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் முனையைக் கீழே இறக்க என்ன செய்கிறார்கள் என்று கவனித்தால், தாங்கும் கையை இருந்த இடத்தில் இருந்த வடிவத்தில் வைத்துவிட்டுப் பின்கையை உயர்த்துகிறார்கள். முனை இறங்குவது உண்மைதான். கூடவே கியூ சாய்கோணத்தில் நின்றுவிடுகிறது. சாய்ந்த கியூ பந்தைத் துணிக்குள் அழுத்துவதால் பந்து சற்றுத் துள்ளும். நடுவிலிருந்து கொஞ்சம் பக்கவாட்டில் பட்டுவிட்டால் பாதை வளையும். நீளமான டிரா ஷாட்டில் குறிவைத்த பந்தையே தொடாமல் போவதற்கு இந்த வளைவு ஒரு காரணம். மேசையின் விளிம்பைத் தாண்டியே கியூ நீள வேண்டியிருப்பதால் அதை முற்றிலும் கிடைமட்டமாக வைக்க முடியாது. ஆனாலும் அந்தத் தவிர்க்க முடியாத சாய்வுக்கு மேல் நாமாகச் சேர்ப்பது ஏதும் இருக்கக் கூடாது.

உயரத்தை மாற்ற வேண்டியது தாங்கும் கையின் வேலை. டிராவுக்கு விரல்களை இன்னும் அகலப் பரப்பி, மூட்டுகளைத் தாழ்த்தி, கையைக் கொஞ்சம் பெருவிரல் பக்கமாகச் சாய்த்தால் பள்ளம் தானாக இறங்கும். ஃபாலோவுக்கு விரல் நுனிகளை உள்ளங்கையை நோக்கி இழுத்தால் மூட்டுகள் கூரை போல எழும், பள்ளமும் எழும். அடிமேடு இரண்டிலும் துணியை விட்டு எழுவதில்லை. விரல்கள் மட்டும் நீண்டு சுருங்குகின்றன. கியூவே இல்லாமல், உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஏதாவது ஒரு மேசையின்மேல் கையை வைத்துக்கொண்டு இந்த ஏற்ற இறக்கத்தைப் பழகலாம். பார்ப்பவர்கள் வேறு விதமாக நினைத்துக்கொள்வார்கள் என்பதைத் தவிர இதில் குறை ஒன்றும் இல்லை.

மூடிய பிரிட்ஜைப் பற்றி ஆட்டக்காரர்களுக்குள் நடக்கும் சண்டை பழையது. நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றையும் விசிறியாகப் பரப்பி ஊன்றி, பெருவிரலை நடுவிரலோடு சேர்த்து, ஆள்காட்டி விரலைக் கியூவின் மேலாக வளைத்துப் பெருவிரல் நுனியைத் தொடவைத்தால் ஒரு வளையம் கிடைக்கும். கீழே நடுவிரலின் பக்கம், மேலே ஆள்காட்டி விரலின் உட்புறம் என்று கியூ நான்கு புறமும் அடைபடுகிறது. 1954இல் ஓஹாயோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த காட்சி ஆட்டத்தில் தொடர்ச்சியாக 526 பந்துகளைப் போட்ட வில்லி மொஸ்கோனி உள்ளிட்ட அக்கால அமெரிக்க ஆட்டக்காரர்களின் படங்களில் காணப்படுவது பெரும்பாலும் இந்த வளையம்தான். ஸ்னூக்கர் பக்கம் போனால் ஏறத்தாழ எல்லோரும் திறந்த பிரிட்ஜைத்தான் வைக்கிறார்கள். நீளமான மேசையில் சிறிய பந்தைச் சிறிய பாக்கெட்டுக்குள் அனுப்ப வேண்டியவர்கள் வளையத்தைத் தேடிப் போகவில்லை என்பதே, துல்லியத்துக்கு வளையம் கட்டாயம் இல்லை என்பதற்குப் போதிய சான்று.

வளையம் கியூவை இறுக்கிப் பிடித்திருப்பதால் பந்து நேராகப் போகிறது என்ற நம்பிக்கை அவ்வளவு சரியில்லை. முனையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் பிறகு கியூ மேலே எழுந்தாலும் பக்கம் திரும்பினாலும் பந்துக்கு அது தெரியாது. வளையத்தின் உதவி அடிக்கு முந்தியது. பலமாக அடிக்கப் போகிறோம் என்ற எண்ணத்தில் வீச்சின் தொடக்கத்திலேயே கியூ பள்ளத்தைவிட்டு எழும்பப் பார்க்கும். அதை வளையம் தடுக்கிறது. எனவே பலமான டிரா, ஆட்டத் தொடக்கத்தில் பந்துக் கூட்டத்தைக் கலைக்கும் பிரேக் ஷாட் போன்றவற்றுக்கு நான் வளையத்தையே பரிந்துரைப்பேன். நீளமான, நிதானமான ஷாட்டுக்குத் திறந்த பிரிட்ஜ்; கியூவின் மேல் விளிம்பு முனைவரை மறைவில்லாமல் கண்ணுக்குத் தெரியும் வசதி அதில்தான் உண்டு.

வளையம் வைப்பவர்கள் தங்கள் கியூ மெலியும் விதத்தையும் அறிந்திருக்க வேண்டும். சில கியூக்கள் முனையிலிருந்து சுமார் 30 செ.மீ. வரை தடிமன் ஏறத்தாழ மாறாமல் வந்து, பிறகு பருக்கும். சில முனையிலிருந்தே சீராகப் பருத்துக்கொண்டு போகும். இரண்டாவது வகையில், கியூ நின்றிருக்கும்போது அளவாக இருந்த வளையம் அது முன்னே பாயும்போது இறுக்கமாகிவிடும். விரல் விட்டுக்கொடுக்கவில்லை என்றால் கியூ வளையத்தையே தள்ளும். அப்படிப்பட்ட கியூவோடு மல்லுக்கட்டுவதைவிடத் திறந்த பிரிட்ஜுக்கு மாறிக்கொள்வதே மேல். வியர்க்கும் கைக்கு மூன்று விரல் கையுறை டால்கம் பவுடரைவிட நல்லது. பவுடர் கியூவுக்கும் துணிக்கும் பந்துக்கும் பரவி எல்லோருக்கும் தொல்லை தருகிறது.

பிரிட்ஜின் நீளம், அதாவது பள்ளத்துக்கும் வெள்ளைப் பந்துக்கும் இடையிலான தூரம், இன்னொரு விவாதம். பூலில் 15 முதல் 25 செ.மீ. வரை வழக்கம். மேலே போட்ட கணக்கில் 25ஐ 40 ஆக்கினால், பின்கையின் பிழை முனையில் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும். எனவே தொடக்கத்தில் குறைவாக வைத்துக்கொள்வதே நல்லது என்பார்கள். 1999இல் பூலின் ஒரு வகையான நைன்பாலில் உலகப் பட்டம் வென்ற பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயெஸ் மிக நீளமான பிரிட்ஜோடு, ஆடிக்கொண்டே இருக்கும் தளர்ந்த வீச்சோடு ஆடுபவர். அவரைப் பார்த்துவிட்டு நீளத்தை ஒரே நாளில் கூட்டுபவர்களுக்கு நீளம் மட்டும்தான் வந்து சேர்கிறது.

ஆனால் நீளத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெள்ளைப் பந்தின் வலப்பக்கம் அடித்தால் பந்து குறிவைத்த கோட்டிலிருந்து சற்று இடப்பக்கம் விலகிப் புறப்படும். பின்கை பிழையாக விலகும்போது கியூவும் பள்ளத்தைச் சுற்றிச் சுழன்று, முனை விலகிய பக்கமாகவே கோணம் திரும்புகிறது. பந்து எதிர்ப்பக்கம் விலகுகிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ முழுமையாகச் சமன்செய்யும் ஒரு பிரிட்ஜ் நீளம் ஒவ்வொரு கியூவுக்கும் இருக்கிறது. முன்பகுதி எடை குறைந்த, விலகலைக் குறைக்கவென்றே செய்யப்பட்ட கியூக்களில் அந்த நீளம் அதிகம். சாதாரணக் கியூக்களில் குறைவு. மேசையில் நேரான ஒரு ஷாட்டை வைத்து, பள்ளத்தை அசைக்காமல் பின்கையை மட்டும் வேண்டுமென்றே சிறிது விலக்கி அடித்து, பிரிட்ஜை நீட்டியும் குறைத்தும் பார்த்தால், குறிபந்து எந்த நீளத்தில் கிட்டத்தட்ட முழுமையாக அடிபடுகிறது என்பது தெரிந்துவிடும். சொந்தக் கியூ வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். கிளப்பில் மாட்டியிருக்கும் கியூக்களில் செய்வது வீண், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

குஷன் அருகே வந்தால் இதுவரை சொன்ன வசதிகளெல்லாம் சுருங்கிவிடுகின்றன. குஷனின் மூக்கு பந்தின் விட்டத்தில் சுமார் 63.5 விழுக்காடு உயரத்தில், அதாவது 36 மி.மீ.யில் இருக்கிறது. பந்து குஷனைத் தொட்டுக்கொண்டு நின்றால் மூக்குக்கு மேலே தெரிவது 21 மி.மீ. மட்டுமே, நடுப்புள்ளி மறைந்துவிட்டது. மேல்பகுதியில் மட்டுமே அடிக்க முடியும் என்பதை ஏற்றுக்கொண்டு, கையை மரவிளிம்பின்மேல் தட்டையாக வைத்து, கியூவை அந்த மரத்தின்மேலேயே ஓடவிட்டு, பெருவிரலை ஒரு பக்கமும் ஆள்காட்டி விரலை மறுபக்கமும் காவலாக வைப்பதே சரியான வழி. விளிம்பின் அகலம் சுமார் 10 முதல் 19 செ.மீ.தான் என்பதால் பிரிட்ஜ் தானாகவே குட்டையாகிவிடும். வீச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும், பின்கையும் கொஞ்சம் முன்னே வர வேண்டும். இங்கே பலர் கியூவைச் சாய்த்துப் பந்தைக் குத்தப் போகிறார்கள். மேலே அடித்தாலே போதுமான இடத்தில் சாய்வு எதற்கு?

பந்து குஷனிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றால், ஆள்காட்டி விரலைக் கியூவின் மேலாகப் போட்டு மரத்தைத் தொடவைத்து, பெருவிரலைக் கியூவுக்கு அடியில் மடக்கி ஒட்டினால் குஷன் பிரிட்ஜிலும் ஒரு வளையம் கிடைக்கும். இது மிக நிலையானது. தொல்லை தருவது இவை இரண்டும் அல்ல, நடுவில் உள்ள தூரம்: கையைத் துணியில் வைக்க இடம் போதாது, மரத்தில் வைத்தாலோ உயரம் மிகுதி. அந்த இடத்தில் விரல் நுனிகளை மட்டும் துணியில் இறக்கி, அடிமேட்டைக் குஷனின் விளிம்பில் சாய்த்துக்கொள்வதே நான் கண்டவற்றில் குறைந்த கேடு.

இன்னொரு பந்து குறுக்கே நிற்க, அதற்கு மேலாக வெள்ளைப் பந்தை அடிக்க வேண்டிய நிலையில், கையில் உள்ளங்கை என்ற ஒன்றே இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் அகன்று ஊன்றிய இரு கால்கள். நடுவிரலும் மோதிர விரலும் இடத்துக்கேற்ப ஊன்றலாம் அல்லது மடங்கலாம். பெருவிரல் மேலே நிமிர்ந்து பள்ளத்தைத் தரும். விரல்களை முதலில் ஊன்றி, பிறகே கியூவைக் கொண்டுவர வேண்டும். கியூவை ஏந்திக்கொண்டு கையை நுழைத்தால் குறுக்கே நிற்கும் பந்தைச் சட்டைக் கையோ விரலோ தொட்டுவிடும். நண்பர்களுக்குள் ஆடும்போது வெள்ளைப் பந்தைத் தவிர மற்றவற்றைத் தற்செயலாகத் தொடுவதைப் பல இடங்களில் பொறுத்துக்கொள்கிறார்கள். கண்டிப்பான விதிகளின்படி எந்தப் பந்தைத் தொட்டாலும் ஃபவுல். முனை பந்தைத் தொடும் கணத்தில் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்பதும் இங்கேதான் மறந்துபோகிறது. இந்த ஷாட்டில் சுழற்சியையும் வேகத்தையும் ஒருசேரத் தேடுவது பேராசை. நடுவில் தொட்டு, குறிபந்தைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தாலே ஆட்டம் நம் பக்கம்தான்.

எட்டாத பந்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கைமாற்றி ஆடுவது. வலக்கைக்காரரான ரோனி ஓ'சல்லிவன் இடக்கையால் ஆடுவதைப் பார்த்து, 1996 உலக ஸ்னூக்கர் போட்டியில் எதிரே ஆடிய அலன் ரோபிடூ தம்மை அவமதிப்பதாக எடுத்துக்கொண்டார் என்பது ஆட்ட உலகில் தெரிந்த கதை. அவமதிப்போ இல்லையோ, கைமாற்றுவது பலர் நினைப்பதைவிட எளிதாக வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: பழகாத கை பின்னால் போய்விடுகிறது, அதன் பிழையைக் கியூ சுருக்குகிறது, துல்லியம் வேண்டிய முன்பக்கத்தில் நம் வலுவான கை வந்து நிற்கிறது. அந்தக் கைக்குப் பிரிட்ஜ் வடிவம் பழகினால் போதும், எளிய ஷாட்டுகள் விழத் தொடங்கிவிடும்.

இன்னொன்று ரெஸ்ட், அதாவது கைக்குப் பதிலாகத் தன் தலையில் கியூவைத் தாங்கும் நீண்ட கோல். அதைக் கையிலெடுப்பது கௌரவக் குறைவு என்று எண்ணி மேசையின்மேல் பாதி உடம்பைக் கிடத்தி ஆடுபவர்களைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது. நீட்டிய கையில் அடிமேடு துணியைத் தொடுவதில்லை, தோள் காதுவரை ஏறிவிடுகிறது. ரெஸ்ட்டின் கைப்பிடியை மேசையில் படியவைத்து, மறுகையால் அழுத்திப் பிடித்து, அதன் தலையை வெள்ளைப் பந்துக்குப் பின்னால் சுமார் 15 செ.மீ. தூரத்தில் நிறுத்த வேண்டும். கியூவின் அடிமுனையைப் பேனா பிடிப்பதைப் போல விரல்களால் பிடித்து, முழங்கையைப் பக்கவாட்டில் கியூவின் உயரத்துக்கு எழுப்பி, வீச்சைக் குறுகியதாக வைத்துக்கொண்டால், அசையவே அசையாத ஒரு பிரிட்ஜ் கிடைத்துவிட்டது என்பதை உடனே உணரலாம். பலமாக அடிப்பதற்கு இது ஏற்றதல்ல. முனை பந்தைத் தொட்டதும் ரெஸ்ட்டைத் துணியோடு இழுக்காமல் நேராகத் தூக்கிவிட வேண்டும். வெள்ளைப் பந்து எதிர்க்குஷனில் பட்டுத் திரும்பிவரும் வழியில் அதன் தலை கிடந்து பந்து மோதினால், போட்ட பந்தின் பலன் போய் எதிராளியின் கைக்கு ஆட்டம் மாறிவிடும்.